இரண்டு இடக்கை, ஒரு பெருக்கல் குறி

நந்தனத்தில் காலை நடைக்கு வருகிற நம் கூட்டத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு நோய் இருக்கிறது, எனக்கு மட்டும் பொம்மை ரயில் இருக்கிறது என்று போன வாரம் ஒருவர் சொன்னார். சொன்னவருக்குச் சர்க்கரை. மன்னித்துவிட்டேன். ஆனால் நம் ரயில்வே நண்பர் சொன்னதை அப்படி விட முடியவில்லை. டீக்கடையில் என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த ரயில் சாமான் பட்டியலை உருவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். இடக்கைப் பாயிண்ட் இரண்டு. கிராசிங் ஒன்று. நேர்த் தண்டவாளம், வளைவுத் தண்டவாளம் இத்தனை இத்தனை.

"வலக்கைப் பாயிண்ட் எங்க சார்? ஒண்ணு வாங்கிட்டா இந்தக் கிராசிங்கே வேண்டாமே. தலையைச் சுத்தி மூக்கைத் தொடறீங்க."

வேலைக்காலம் முழுவதும் பாயிண்டும் சிக்னலுமாக வாழ்ந்தவர். தொழில் கண்ணால் பார்த்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற துண்டுக்குப் பாயிண்ட் என்று பெயர், அதில் இடப்பக்கம் பிரிவது வேறு, வலப்பக்கம் பிரிவது வேறு என்பதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை நடந்துகொண்டே சொல்ல முடியாது, மூச்சு வாங்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். சாவி கொடுக்கிற தகர பொம்மையில் எண்ணெயும் துருவும் கலந்து வருமே ஒரு வாசனை, அது உங்களுக்கும் தெரியும்.

எனக்கு அப்போது பத்து வயது. தியாகராய நகரில் ஒரு பக்கத் தெருவில் கீழே கடை, மேலே வீடு. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரவிக்கை தைக்கும் கடை போட்டவர். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் துணியில்தான் போய் முடியும். யாராவது பொய் சொன்னால் "சாயம் போகும்" என்பார் அப்பா. சோற்றில் நூல் கிடக்கும். நடந்தால் காலில் கொக்கி குத்தும்.

இந்தக் கதைக்கு வேண்டிய ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரவிக்கைக் கை வெட்ட அப்பா ஓர் அளவுக்கு ஒரே ஒரு பழுப்புக் காகிதம்தான் வைத்திருப்பார். அதைத் துணிமேல் வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டால் இடக்கை. அதே காகிதத்தைப் புரட்டி வைத்துக் கோடு போட்டால் வலக்கை. இரண்டு கைக்கு இரண்டு காகிதம் வைத்துக்கொள்கிற தையல்காரரைப் பார்த்தால் அப்பாவுக்கு இளக்காரம். நானும் அக்காவும் இதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள். உலகத்தில் எந்தப் பொருளையும் புரட்டிப் போட்டால் மறுகை ஆகிவிடும் என்று நம்பினோம்.

ரயில் சித்தப்பா கொண்டுவந்தது. அவர் கப்பலில் வேலை பார்த்தார். குளிர்நாட்டுத் துறைமுகம் ஒன்றில், பழைய சாமான் கடையில் கிடந்தது என்று பெட்டியோடு தூக்கிவந்தார். பச்சை எஞ்சின், இரண்டு பயணிகள் பெட்டி, மூடியில்லாத ஒரு சரக்குப் பெட்டி. தண்டவாளம் மட்டும் கோணிப்பை நிறைய இருந்தது. எல்லாம் நேர்த்துண்டு, வளைவுத்துண்டு. பிரிகிற துண்டு ஒன்றுகூட இல்லை. ஹாலில் நீள்வட்டமாகப் போட்டுச் சாவி கொடுத்தால் வண்டி சுற்றும், சுற்றும், சாவி தீர்ந்ததும் நிற்கும். அதைத் தவிர அதனால் வேறெதுவும் செய்ய முடியாது. முதல் வாரம் அதிசயமாக இருந்தது. பிறகு செக்குமாடு மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சித்திரையில்தான் அக்கா கால் உடைந்தது. அவளுக்குப் பதினான்கு வயது.

அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாடியில் அம்மா துணி ஊறவைத்த சோப்புத் தண்ணீர் ஒரு வாளி மிச்சமிருந்தது. மத்தியானம் நான் அதைத் தரையில் ஊற்றி, உட்கார்ந்தபடியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சறுக்கி விளையாடினேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், இறங்கிவிட்டேன். காய்ந்த துணியை எடுக்க அக்கா மேலே போனாள். அவள் கத்தினது கடை வரைக்கும் கேட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் மாடிக்கு ஓடினேன். சித்திரை வெயில் தரையை உலர்த்தி வைத்திருந்தது. சாட்சி இல்லை. எனக்கு அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பெரியவர்கள் கூடி விசாரித்து, செருப்புதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அக்கா செருப்பின் வாரை முந்தின வாரம்தான் தைத்து வாங்கியிருந்தோம். அம்மா அந்த ஜோடியைப் பார்க்கக்கூடப் பார்க்காமல் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போனாள்.

செருப்பு தைப்பவர் எங்கள் கடைப்படியை ஒட்டி, சுவரோரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவருடைய இடம் அது. மழைக்காலத்தில் மட்டும் எதிர்ச்சாரிக்கு மாறிக்கொள்வார். அன்றைக்கு, மழையே இல்லாத அந்த வெயிலில், உட்காருகிற சாக்கை உதறிச் சுவரில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, போன வாரந்தான வார் தச்சுக் கொடுத்தீரு? எம் புள்ள காலு ஒடிஞ்சு கெடக்கா" என்றாள் அம்மா.

"யம்மா, நான் போட்ட தையலு அறாதும்மா. அந்தச் செருப்ப எட்தா, பாக்கலாம்."

"அதத்தான் வீசிட்டேனே! இனிமே எங்க வீட்டுச் செருப்பு ஒண்ணு உம்ம கைக்கு வராது."

 அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சாக்கைத் திருப்பிப் போட்டார். நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றேன்.

அக்காவுக்குத் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. இரண்டு மாதம் எழுந்திருக்கக் கூடாது. உள்ளறையில்தான் மின்விசிறி, அதனால் கட்டில் அங்கே. அந்த அறையில் கட்டிலும் துணி மூட்டைகளும் போக, கால் வைக்கத்தான் இடம். ரயில் வட்டம் அங்கே கொள்ளாது. மாவுக்கட்டுக்குள் அரிக்கும்போது ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்துகொள்வாள். சொறிந்த சுகத்தில் கண்ணை மூடிக்கொள்வாள். அப்போது மட்டும்தான் அவள் முகம் பழைய முகமாக இருக்கும்.

ஒருநாள் அவளுடைய பள்ளித் தோழிகள் வந்து மாம்பழம் தின்றுவிட்டுப் போனார்கள். போன பிறகு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள், திரும்புகிற அளவுக்கு. நான் ஹாலில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏல, அத நிப்பாட்டு."

"ஏங்க்கா?"

"நாள் பூரா அந்த வண்டிச் சத்தந்தான். வாரது மாதிரியே கேக்கும். வாசல் கிட்ட வந்ததும் வளைஞ்சு போயிரும். ஒரு தடவயாவது உள்ள வருதா பாரு."

 வண்டியை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். அவளைக் கட்டிலில் போட்டவன் நான்தானே. உண்மையைச் சொல்கிற தைரியம் இல்லாதவனுக்கு ரயில் விடுகிற தைரியமாவது இருக்க வேண்டாமா?

கடவுளே எழுதிய மாதிரி அந்த வாரம் சித்தப்பாவின் கடிதம் வந்தது. கப்பல் மறுபடி அந்த ஊருக்குப் போகிறதாம். ரயில் சாமான் விற்கிற கடை ஒன்று அங்கே இருக்கிறதாம். பெட்டியில் இடம் இல்லாததால் மூன்றே மூன்று துண்டுதான் கொண்டுவர முடியும், முதல் பெட்டியோடு வந்த புத்தகத்தில் நம்பர் பார்த்து உடனே எழுது என்று எனக்கு எழுதியிருந்தார். எனக்கு! ரயில் என்றால் பையனுக்குத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். கடிதத்தை நேராக அக்காவிடம் கொண்டுபோனேன். அவள் ஒரு வாரமாக வளைத்துவைத்திருந்த உதடு நிமிர்ந்தது.

அந்தப் புத்தகம் எங்களுக்குத் தெரியாத பாஷையில் இருந்தது. ஆனால் பின்னால் ஒரு மடிப்புத்தாளில் ஒவ்வொரு துண்டையும் நிஜ அளவில் அச்சடித்து நம்பர் போட்டிருந்தார்கள். நேர், வளைவு, இடப்பக்கம் பிரிகிற பாயிண்ட், வலப்பக்கம் பிரிகிற பாயிண்ட். கடைசியில் இரண்டு தண்டவாளம் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கிற கிராசிங், பெருக்கல் குறி மாதிரி. அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

அக்கா கடையிலிருந்து பழுப்புக் காகிதம் எடுத்துவரச் சொன்னாள். படத்தின்மேல் வைத்துக் கோடு இழுத்து, இடக்கைப் பாயிண்டை ஒரு காகிதமாக வெட்டினாள். அப்பாவின் மகள், ஒன்றே ஒன்றுதான் வெட்டினாள். பிறகு படுத்தபடியே சொல்லச் சொல்ல நான் ஹாலில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். வட்டத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு பாயிண்ட். வண்டி அங்கே இடப்பக்கம் பிரிந்து, வாசலைத் தாண்டி, அக்கா கட்டிலைச் சுற்றிக்கொண்டு, அதே வாசல் வழியாகத் திரும்பி வரும். சற்றுத் தள்ளி இன்னொரு பாயிண்ட் வழியாக வட்டத்தில் சேர்ந்துகொள்ளும். முதல் இடத்தில் காகிதத்தை வைத்துக் கோடு போட்டேன். இரண்டாம் இடத்தில் அது பொருந்தவில்லை.

"புரட்டிப் போடுல" என்றாள் அக்கா.

புரட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது.

"அக்கா, இதுல இடதுக்கு ஒரு நம்பர், வலதுக்கு ஒரு நம்பர் போட்டிருக்கே?"

"கடைக்காரன் பொழைக்கத் தெரிஞ்சவன். ஒரே சாமானுக்கு ரெண்டு பேரு வச்சு விக்கான். அப்பா எந்தக் காலத்துல ரெண்டு கைக்கு ரெண்டு காயிதம் வச்சிருந்தாவ?"

சாப்பிட மேலே வந்த அப்பா தரையில் கிடந்த கோட்டையெல்லாம் பார்த்தார். காகிதத்தைத் தானும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சரியாத்தான் சொல்லுதா. ஒரே நம்பரா எழுதுங்க. ரெண்டு ரகமா வாங்கினா ஒண்ணு தப்பா வந்துரும்."

மூன்றாவது துண்டுக்குச் சண்டை வந்தது. அக்காவுக்கு இன்னொரு பாயிண்ட் வேண்டும், தன் கட்டிலோரம் ஒரு பெட்டியைக் கழற்றி நிறுத்திக்கொள்ள. எனக்குப் பெருக்கல் குறி வேண்டும். எதற்கு என்று கேட்டார்கள். சைக்கிளில் எட்டுப் போடுவது போல வண்டியும் எட்டுப் போடும் என்றேன். ஆசைப்பட்டதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்றுக்கும் உதவாத துண்டு என்றார் அப்பா. நான் மூக்கை உறிஞ்சினேன். அக்கா கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வாங்கித் தொல. அழாத" என்றாள்.

படுத்துக்கொண்டு எழுதினால் மை கொட்டும் என்பதால் கடிதத்தை நான் எழுதினேன். அவள் நம்பர் சொன்னாள். இடக்கை இரண்டு, கிராசிங் ஒன்று. நம்பர்களை இரண்டு தடவை சரிபார்த்தோம்.

சித்தப்பா வைகாசி மத்தியில் வந்தார். வழவழப்பான முகமும், சீமைச் சோப்பு வாசனையும், எங்கள் எல்லோரையும் ஒன்றாகத் தூக்கிவிடுவது போன்ற குரலும். ஹால் நடுவில் உட்கார்ந்து மூன்று துண்டையும் காகிதத்திலிருந்து பிரித்தார். தகரம் பளபளத்தது. பாயிண்டில் ஒரு குட்டி நெம்புகோல் இருந்தது, தள்ளினால் "டக்" என்று தண்டவாளம் நகரும். அந்த டக்கை நான் இருபது தடவை கேட்டேன். உள்ளறையிலிருந்து "எனக்கும் கேக்கணும், சத்தமா தள்ளுல" என்று அக்கா கத்தினாள்.

முதல் பாயிண்ட் கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவதை எப்படி வைத்தாலும் கிளை தப்பான பக்கம் போனது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். திருப்பினால் திரும்புகிறதே தவிர, பக்கம் மாறவில்லை.

"புரட்டுல" என்றார் அப்பா, கடையில் சொல்லுகிற அதே குரலில்.

புரட்டினேன். தண்டவாளம் தரையைப் பார்த்துக்கொண்டது. தண்டவாளத்தைத் தாங்குகிற கட்டைகளின் அடிப்பக்கம் எங்களைப் பார்த்தது. 

"பல்லி மாதிரி தலகீழா ஓடுமாண்ணே?" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தம்பி எதிரில் தையல்காரருக்கு மானம் போய்விட்டது. என் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். என் கையெழுத்து.

"நம்பரத் தப்பா எழுதிட்டான் பாரு! ஒண்ணு அது, ஒண்ணு இதுன்னு எழுதாம, ரெண்டையும் ஒண்ணா எழுதிருக்கான்." நறுக்கென்று உச்சந்தலையில் ஒரு குட்டு.

ஒரே நம்பராக எழுதச் சொன்னவர் அவர்தான். அது அவருக்கு அந்த நிமிடம் நிஜமாகவே மறந்துபோயிருந்தது என்று இப்போது புரிகிறது, அவர் வயதைத் தாண்டி வந்த பிறகு. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. சோப்புத் தண்ணீருக்கு வாங்க வேண்டிய குட்டு இப்படி வந்து சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். உள்ளறை வாசல் வழியாக அக்கா என்னையே பார்த்தாள். 

"பேசாம கட்டிலத் தூக்கி ஹால்ல போட்டுருவோம். வண்டி பக்கத்துலயே சுத்தும்" என்றார் அப்பா, சமாதானமாக.

"வேண்டாம்" என்றாள் அக்கா. "நான் வண்டிகிட்ட வரமாட்டேன். வண்டிதான் எங்கிட்ட வரணும்."

சித்தப்பா மறுநாள் ஊருக்குப் போய்விட்டார். மாற்றிக்கொண்டுவர அவர் என்ன பாண்டி பஜாருக்கா போகிறார்? இரண்டு நாள் தண்டவாளம் கோணிப்பைக்குள் கிடந்தது. அக்கா சாப்பிட்டாள், சொறிந்துகொண்டாள், பேசவில்லை. மாவுக்கட்டு பிரிக்க இன்னும் மூன்று வாரம்தான். அதற்குப் பிறகு வண்டி போய் என்ன, போகாவிட்டால் என்ன என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஹாலில் நுங்கு தின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏல, அந்தப் பெருக்கல் குறியக் கொண்டா."

போனேன். போர்வைமேல் பழுப்புக் காகிதத் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் சாக்குக்கட்டியால் பொட்டு வைத்திருந்தாள். பொட்டு கீழே போகாமல்தான் வைக்க வேண்டும் என்று தனக்குத் தானே சட்டம் போட்டிருந்தாள்.

அவள் சொன்னதை என் ரயில்வே நண்பருக்காக அப்படியே சொல்கிறேன். வண்டி வலமாகச் சுற்றுகிறது, அதனால் வட்டத்தின் வெளிப்பக்கம் அதற்கு இடப்பக்கம். வெளியே பிரிந்து போக இடக்கைப் பாயிண்ட் போதும். திரும்பி வந்து வெளிப்பக்கத்திலிருந்து சேர வலக்கை வேண்டும், அது நம்மிடம் இல்லை. இடக்கைப் பாயிண்டில் சேர வேண்டுமானால் வட்டத்தின் உள்பக்கத்திலிருந்துதான் வர முடியும். வெளியே இருக்கிற வண்டி உள்ளே எப்படி வரும்? வட்டத்தை வெட்டிக் கடந்து வரும். எதனால்?

"உன் ஒண்ணுக்கும் ஒதவாத துண்டால" என்றாள் அக்கா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் சிரித்தாள்.

வாசலில் நிலைக்கட்டை குறுக்கே நின்றது. துணி சுற்றி வருகிற அட்டைகளை இரண்டு பக்கமும் அடுக்கி ஏற்றமும் இறக்கமும் செய்தேன். அட்டை நகராமலிருக்க வெட்டுத்துணியைச் செருகினேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பாதை தயார். சரக்குப் பெட்டியில் ஒரு கமர்கட்டை வைத்து, இறுகும் வரை சாவி கொடுத்து விட்டேன். முதல் தடவை நிலைக்கட்டையில் கவிழ்ந்தது. இரண்டாம் தடவை ஏறி, இறங்கி, வாசலுக்குள் மறைந்தது. கட்டிலைச் சுற்றுகிற சத்தம் கேட்டது. நின்றது. அக்கா பிடித்து நிறுத்தியிருக்கிறாள். கமர்கட்டைக் கடிக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது போலிருந்தது. பிறகு மறுபடி சக்கரச் சத்தம். வண்டி வாசலைத் தாண்டி வந்தது, பெருக்கல் குறியில் வட்டத்தைத் தடதடவென்று கடந்தது, உள்ளே வளைந்து, தெற்குப் பக்கத்தில் இரண்டாம் பாயிண்டில் நோகாமல் சேர்ந்தது.

நான் கைதட்டினேன். அப்புறம்தான் சரக்குப் பெட்டியில் மடித்த பழுப்புக் காகிதம் இருப்பதைப் பார்த்தேன். பென்சிலில் மூன்று வரி.

"சோப்புத் தண்ணி ஊத்தினது நீன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ரெண்டு லெஃப்ட் தப்பு என்னோடது. செருப்பு தைக்கிறவர் ஒரு தப்பும் பண்ணல."

தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் கூப்பிடவில்லை, நானும் உள்ளே போகவில்லை. அழுது முடித்து, அதே காகிதத்தின் பின்பக்கம், "அம்மாட்ட சொல்லிருவியா?" என்று எழுதிச் சாவி கொடுத்தேன். அடுத்த வண்டியில் பதில் வந்தது: "நீ சொல்லு." நான்: "பயமா இருக்கு." அவள்: "மொதல்ல அவர்ட்ட சொல்லு. நான் நடந்தப்புறம் கூட வாரேன்." அன்று விளக்கு வைப்பதற்குள் ஐந்து வண்டிகள் ஓடின. அம்மா எட்டிப் பார்த்து, "எம்புட்டு ஒத்துமையா விளையாடுதுக பாரு" என்று அப்பாவிடம் சொன்னாள்.

ஆனி மாதம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அக்காவின் கால் வெளிறி, உரித்த வெங்காயம் போல இருந்தது. ஒரு வாரம் சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு ஒருநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். செருப்பு தைப்பவர் முன்னால் போய் நின்றோம். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "சோப்புத் தண்ணி நான்தான் ஊத்தினேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"தெரியும் நைனா."

"எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

அவர் ஊசியால் மேலே காட்டினார். எங்கள் மாடியின் தூம்புக் குழாய் அவர் தலைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்க ஊட்டு மாடில இன்னா ஊத்தினாலும் எம்மேலதான் வுயும். அன்னிக்கு நொரையோட வந்துச்சு. கண்ணெல்லாம் எரிச்சலு. எந்திரிச்சுக் கத்தலாம்னு பாத்தேன், அதுக்குள்ள மேல பாப்பா கத்திச்சு."

மழைக்காலத்தில் அவர் ஏன் எதிர்ச்சாரிக்குப் போகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அம்மா திட்டினப்ப ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா உன்ன உரிச்சிருப்பாங்க. ஒரு புள்ள கால் ஒடஞ்சு கீது, இன்னொண்ணையும் ஒடைக்கணுமா? என்னத் திட்டினா திட்டிகினு போவட்டும். ஆனா ஒண்ணு, தையலு அந்துச்சுன்னு சொன்னாங்க பாரு, அதான் பேஜாரா பூட்ச்சு."

பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தார். அக்காவின் செருப்பு ஜோடி. குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தார். வாரில் அவர் போட்ட தையல் ஓர் இழை பிரியாமல் இருந்தது.

"பாரு, அப்டியே கீதா? யார்கிட்டயும் காட்ட வெச்சிக்கல. எனக்குத்தான் வெச்சிகினேன்."

அக்கா வெறுங்காலை உள்ளே நுழைத்துப் பார்த்தாள். இளைத்த கால் கொஞ்சம் ஆடியது. அவர் வாரை ஒரு ஓட்டை இறுக்கிக் கொடுத்தார். அவள் அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடி விழுந்தது, மறைக்கவில்லை. ஆனால் அம்மா அடித்துக்கொண்டே நடுவில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் காலை வீட்டிலிருந்த செருப்புகளையெல்லாம் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு தானே கீழே போனாள். பிய்ந்தது ஒன்றுகூட இல்லை. "எல்லாத்தையும் தச்சுக் கொடுங்க" என்று கூடையை அவர் முன்னால் வைத்தாள். "தச்சுக் கொடுத்தீரு" போய், முதல் தடவையாக "கொடுங்க" வந்தது. அவர் கூடையையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், நன்றாக இருந்த வார்களுக்கெல்லாம் இன்னொரு தையல் போட்டுக் கொடுத்தார். சித்தப்பா வாங்கிவந்த அப்பாவின் சீமைச் செருப்புக்கும் தையல் விழுந்தது. அது எதற்கு என்று அப்பா ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரயிலைப் பார்த்து அப்பா என்னைப் பொறியியல் படிக்க வைத்தார். அக்காவைப் படிக்க வைத்திருக்க வேண்டும். நான் படித்த படிப்பை வைத்து ஒரு கொடிக்கம்பிகூட ஒழுங்காகக் கட்டியதில்லை. அவள் கடையை எடுத்துக்கொண்டு அதை மூன்று பங்காகப் பெருக்கினாள், இடையில் ஒரு குறையும் சொன்னதில்லை. தகர ரயில் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. பெருக்கல் குறி மட்டும் ரொம்ப நாள் என் மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்க உதவியது. அதையும் யாரோ பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள்.

இப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டில், ஹாலிலிருந்து படுக்கையறை வரை புதுப்பாதை போடுகிறேன். எங்கள் பழைய பாதையேதான். ஆகவே நண்பரே, வலக்கைப் பாயிண்ட் கடையில் நிறையவே கிடக்கிறது, எனக்கு வேண்டாம். நேற்றுப் பெட்டி வந்ததும் கே.கே. நகருக்குப் போன் போட்டு அக்காவிடம் சொன்னேன்.

"எத்தன லெஃப்ட்?" என்றாள்.

"ரெண்டு."

"ம். நம்பரச் சரியாப் பாத்தியால?"

"பாத்தேங்க்கா. ஞாயித்துக்கிழம வா. உனக்கு முட்டி வலி, படுக்கையறை வரைக்கும் நடக்க வேண்டாம்னா ஹால்லயே கட்டிலப் போட்டு வைக்கேன்."

 உடனே அந்தப் பதினான்கு வயதுக் குரல் வந்தது.

"கட்டில நகத்தின, பாத்துக்கோ. வண்டிதான் எங்கிட்ட வரணும்."